டீச்சர்கிட்ட கேளுங்க: மண்ணுல சமைக்கிறதும் படிப்பு தான்

போன இதழ்ல, சின்னப் பிள்ளைங்க, அங்கன்வாடி, எல்கேஜி பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். 31 வருஷம் அங்கன்வாடியில வேலை பாத்து ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தர் பதில் சொல்றாங்க. வந்ததுல 7 கடிதம் எடுத்திருக்கோம், யார் பேரும் போடல.

கேள்வி: வணக்கம் டீச்சர். என் பொண்ணுக்கு மூணே முக்கால் வயசு, எங்க தெரு அங்கன்வாடிக்கு தான் போறா. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே வயசு தான், இங்கிலீஷ் மீடியம் எல்கேஜி, ஏ பி சி டி முழுசா எழுதுறான், நூறு வரைக்கும் சொல்றான். என் பொண்ணுகிட்ட இன்னைக்கு என்னடி படிச்சன்னு கேட்டா "மண்ணுல சோறாக்கினோம்"ங்கறா. என் நாத்தனார் வேற "அங்க சோறு போட்டு தூங்க வைப்பாங்க, வேற என்ன"ன்னு குத்திக் காட்டிக்கிட்டே இருக்காங்க. ஸ்கூல் மாத்திடலாமா? (ஒரு அம்மா, கும்பகோணம்)

பதில்: இந்தக் கேள்விய எத்தனை அம்மாங்க சென்டர் வாசல்ல நின்னு என்கிட்ட கேட்டிருப்பாங்கன்னு கணக்கே இல்லம்மா. அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல கை. நம்ம மணிக்கட்டுல 8 குட்டி எலும்பு இருக்கு, பிள்ளை பொறக்கும்போது அது எதுவுமே எலும்பா இருக்காது, குருத்தெலும்பா தான் இருக்கும், ஒவ்வொண்ணா எலும்பாகி முடியறதுக்கு பத்து பன்னெண்டு வயசு ஆகிடும். மூணே முக்கால் வயசுல உங்க பொண்ணு கை இன்னும் பாதி வழியில தான் இருக்கு. அதுகிட்ட பென்சில குடுத்து நாலு பக்கம் எழுதுன்னா அது விரலால எழுதாது, தோள்லேருந்து மொத்த கையையும் இழுத்து எழுதும், பென்சில முஷ்டியில பிடிக்கும், பத்து நிமிஷத்துல கை வலிக்குதுன்னு அழும், நாம அதை சோம்பேறிம்போம். அதே கை சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், பேப்பர் கிழிக்கட்டும், ஈரத்துணி பிழியட்டும், ஊசி இல்லாம நூல்ல பாசி கோக்கட்டும், ஒரு வருஷம் கழிச்சு பென்சில் தானா மூணு விரல்ல வந்து உக்காரும். மண்ணுல சோறாக்கினேன்னு சொல்றாளே, அந்த மண்ணைப் பிசையுறது தான் அவளுக்கு எழுத்துப் பயிற்சி.

இன்னொண்ணு, பிள்ளைங்க பாத்து வரையறதுக்கு ஒரு வரிசை இருக்கு. மூணு வயசுல வட்டம் வரும், நாலுல கூட்டல் குறி, நாலரை கிட்ட சதுரம், முக்கோணம் அஞ்சு வயசுல தான் வரும், ஏன்னா சாய்ஞ்ச கோடு கைக்கும் கண்ணுக்கும் கஷ்டம். இப்ப ஏ எழுத்த நினைச்சுப் பாருங்க, ரெண்டு பெரிய கோடும் சாய்ஞ்ச கோடு தானே. முக்கோணமே வராத கைக்கு அதைத் தான் மொதல் எழுத்தா குடுக்கறாங்க. தமிழ்ல 'அ'வும் லேசு இல்ல, சுழி போட்டு வளைஞ்சு வரணும், அதனால தான் நம்ம ஊர்ல 'ட', 'ப' மாதிரி நேர்கோட்டு எழுத்துல ஆரம்பிக்கிற பழக்கம் இருக்கு. யோசிச்சு வெச்ச பழக்கம் அது.

நூறு வரைக்கும் சொல்ற பையன் கதைக்கு வர்றேன், அவன குறை சொல்லல, பாவம் அவன் என்ன பண்ணுவான். ஒரு கைப்பிடி புளியங்கொட்டைய அவன் முன்னாடி போட்டு "ஏழு எடுத்துக் குடு கண்ணு"ன்னு கேட்டுப் பாருங்க. நூறு வரை ஒப்பிக்கிற நிறைய பிள்ளைங்க அள்ளிக் குடுத்துடும், ஏன்னா அது அதுங்களுக்கு பாட்டு, கணக்கு இல்ல. மண்ணுல சமைக்கிற இடத்துல ஒரு நல்ல டீச்சர் என்ன பண்ணுவாங்க தெரியுமா, பக்கத்துல போய் சம்மணம் போட்டு உக்காந்து "எத்தனை பேருக்கும்மா சமைச்ச?"ன்னு கேப்பாங்க, அது "நாலு பேருக்கு"ங்கும், "அப்ப நாலு இலை போடு, எனக்கு ஒண்ணு வேணும்ல"ம்பாங்க, அது போய் அஞ்சு இலை பறிச்சிட்டு வரும், ஆளுக்கு ஒண்ணு வெச்சுட்டு ஒண்ணு மிச்சம் இருக்கேன்னு முழிக்கும். அந்த முழிக்கிற நேரம் இருக்கு பாருங்க, அங்க தான் எண்ணு உள்ள எறங்குது, நூறு தடவ ஒப்பிச்சாலும் அது எறங்காது.

அப்புறம் கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சிய சட்டின்னும் வேப்பிலைய கீரைன்னும் வெச்சு விளையாடுற புத்தி சாதாரணம் இல்லம்மா, ஒண்ணை இன்னொண்ணா மனசுல வெச்சுப் பாக்குற புத்தி அது. நாளைக்கு போர்டுல ரெண்டு கோடு போட்டு இது 'ட'ன்னு சொல்லும்போது நம்பறதுக்கு அதே புத்தி தான் வேணும்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிக்குன்னு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'ன்னு ஒரு பாடத்திட்டம் இருக்கு, மாசத்துக்கு ஒரு கருப்பொருள் எடுத்து கதை, பாட்டு, விளையாட்டு, வரையறது எல்லாம் அதைச் சுத்தியே நடக்கும். உங்க நாத்தனார ஒரு நாள் காலையில கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் உக்கார வெச்சுப் பாருங்களேன்.

மாத்தணுமான்னு கேட்டீங்க. எல்லா சென்டரும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன், எல்லா மெட்ரிக்கும் மோசம்னும் சொல்ல மாட்டேன். எங்க இருந்தாலும் பாக்க வேண்டியது ஒண்ணு தான், டீச்சர் தரையில உக்காந்து பிள்ளைங்களோட பேசுறாங்களா, இல்ல பிள்ளைங்கள வரிசையா உக்கார வெச்சு கையக் கட்டு வாயப் பொத்துன்னு வெச்சிருக்காங்களா. ரெண்டாவது மாதிரி இருந்தா அது எந்த போர்டு மாட்டின ஸ்கூலா இருந்தாலும் யோசிங்க. உங்க பொண்ணு வீட்டுக்கு வந்து சோறாக்கினேன்னு சந்தோஷமா சொல்றா, அதைக் கேக்க எனக்கே சந்தோஷமா இருக்கு.

கேள்வி: நான் பிளே ஸ்கூல்ல புதுசா சேர்ந்திருக்கேன் மேம். ஜூன்ல அட்மிஷன் ஆன பிள்ளைங்க 14 பேர், காலையில மொத்த பேரும் அழறாங்க. எங்க இன்சார்ஜ் "அம்மா முகத்தைப் பாக்காம டக்குனு உள்ள வாங்கி கதவைச் சாத்திடு, ஒரு வாரத்துல அடங்கிடும்"னு சொல்றாங்க. எனக்கு மனசு கேக்கல. (ஒரு டீச்சர், கோவை)

பதில்: மனசு கேக்கலைன்னு எழுதியிருக்கீங்களே, அதை விட்டுடாதீங்கம்மா. அடங்கிடும்ங்கறது வாஸ்தவம் தான், கத்தி கத்தி யாரும் வரலைன்னா எந்தப் பிள்ளையும் ஒரு வாரத்துல அடங்கும். அடங்குறதும் சமாதானம் ஆகுறதும் ஒண்ணு இல்ல.

அந்தப் பிள்ளையோட கண்ணால யோசிங்க. மூணு வருஷமா ஒரே மடி, ஒரே வாசனை, திடீர்னு ஒரு நாள் அந்த மடி காணாமப் போகுது, அது திரும்பி வரும்னு அதுக்கு எந்த ருசுவும் இல்ல. அதனால மொத வேலை, அம்மாங்க ஏமாத்திட்டு ஓடறத நிறுத்துங்க. "இந்தா சாக்லேட்டு, அம்மா இங்க தான் இருக்கேன்"னு சொல்லிட்டு பின்வாசல் வழியா போறது இருக்கே, அது அன்னைக்கு காரியம் ஆகும், மறுநாளிலேருந்து அந்தப் பிள்ளை அம்மா பாத்ரூம் போனாலும் முந்தானைய விடாது. சொல்லிட்டுப் போகணும், அழுதாலும் பரவால்ல, சொல்லிட்டு டாட்டா காட்டிட்டுப் போகணும், திரும்பித் திரும்பி வந்து எட்டிப் பாக்கக் கூடாது.

பன்னெண்டு மணிக்கு வருவாங்கன்னு சொல்லாதீங்க, அதுக்கு மணி தெரியாது. "விளையாடுவோம், கதை கேப்போம், சாப்பிடுவோம், கை கழுவுவோம், கை காயறதுக்குள்ள அம்மா வந்துடுவாங்க"ன்னு வரிசையா சொல்லுங்க, தினமும் அதே வரிசையில நடத்துங்க. நாலாவது நாள் அதுவே கை கழுவிட்டு வாசல்ல போய் நிக்கும், அம்மா வந்துட்டா போதும், உங்க சொல்லு பலிச்சிடுச்சு, அதுக்கப்புறம் நீங்க சொல்ற எல்லாத்தையும் நம்பும். முடிஞ்சா மொத வாரம் ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டு மணி நேரம்னு கூட்டிக்கிட்டே போகச் சொல்லி இன்சார்ஜ்கிட்ட பேசிப் பாருங்க. 14 பேரையும் ஒரே நாள்ல சேக்காம நாளுக்கு நாலு பேரா சேத்தா அழற சத்தமே பாதி ஆகிடும், ஏன்னா ஒண்ணு அழுதா பத்தும் சேந்துக்கும்.

அம்மாவோட பழைய தாவணி துண்டு, துப்பட்டா மாதிரி ஏதாவது பையில போட்டு அனுப்பச் சொல்லுங்க. தூங்குற நேரத்துல அதை மூக்குகிட்ட வெச்சுக்கிட்டு தூங்கும். அழுக்குத் துணின்னு துவைச்சுடப் போறாங்க, துவைக்க வேணாம்னு சொல்லிடுங்க.

கேள்வி: நானும் மனைவியும் பனியன் கம்பெனியில வேலை. பையனுக்கு ரெண்டே முக்கால் வயசு, எங்கம்மா தான் பாத்துக்கறாங்க. அஞ்சாறு வார்த்தை தான் பேசுறான், வேணும்ங்கறத கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் காட்டுறான். அங்கன்வாடி டீச்சர் "டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு சொல்லிட்டாங்க. எங்கம்மாவுக்கு கோவம், "நீயும் நாலு வயசுல தான் பேசின, அவ யாரு என் பேரனுக்கு குறை சொல்ல"ங்கறாங்க. என்ன பண்றது? (ஒரு அப்பா, திருப்பூர்)

பதில்: தம்பி, காட்டுங்க. இந்த மாசமே காட்டுங்க.

ரெண்டு வயசு முடியும்போது ஒரு பிள்ளை ரெண்டு வார்த்தை சேத்து சொல்லணும், "பால் வேணும்", "அப்பா போச்சு" இந்த மாதிரி. உங்க பையன் அதைத் தாண்டி ஒம்பது மாசம் ஆச்சு. லேட்டா பேசுற பிள்ளைங்க இருக்காங்க, உங்கம்மா சொல்றது பொய் இல்ல. ஆனா யாரு தானா பேசிடுவாங்க, யாருக்கு உதவி வேணும்னு வீட்டுல உக்காந்து யாராலயும் சொல்ல முடியாது, அதை சோதிச்சுத் தான் பாக்கணும். காட்டி ஒண்ணும் இல்லைன்னா ஒரு நாள் சம்பளம் போகும், காட்டாம விட்டு ஏதாவது இருந்தா போற வருஷம் திரும்பி வராது தம்பி.

மொதல்ல காது. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளையா? சளி இருந்துக்கிட்டே இருந்தா நடுக்காதுல நீர் கோத்துக்கும், சத்தம் தண்ணிக்குள்ள இருந்து கேக்குறா மாதிரி மந்தமா கேக்கும், தட்டு விழுந்தா திரும்பிப் பாப்பான், ஆனா பேச்சு தெளிவா விழாது. வீட்டுல எல்லாரும் காது நல்லா கேக்குதேம்பாங்க. அதனால காது டெஸ்ட் கண்டிப்பா எடுங்க. பேர் சொன்னா திரும்புறானா, கண்ணைப் பாத்து சிரிக்கிறானா, நீங்க விரல் நீட்டிக் காட்டுற இடத்தைப் பாக்குறானா, மத்த பிள்ளைங்க விளையாடுறத பாத்து செய்யறானா, இதையும் கவனிச்சு எழுதி வெச்சுக்கோங்க, டாக்டர் கேப்பாங்க.

2013லேருந்து ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம்னு ஒரு திட்டம் இருக்கு, அதுல டாக்டர் டீம் வருஷத்துக்கு ரெண்டு தடவ அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைங்கள பாக்கணும். அவங்க எழுதிக் குடுத்தா மாவட்டத்துல இருக்குற டி.இ.ஐ.சி சென்டருக்கு அனுப்புவாங்க, சின்னப் பிள்ளைங்க வளர்ச்சிக்குன்னே இருக்கற இடம் அது, காது பாக்கறது, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்துல, செலவு இல்ல. டீச்சர்கிட்டயே கேளுங்க, வழி சொல்லுவாங்க.

அந்த டீச்சர் மேல கோவப்படாதீங்கன்னு அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. வீட்டுல ஒரே பேரன், அவன எதோட வெச்சுப் பாக்க முடியும்? டீச்சர் கண்ணு முன்னாடி அதே வயசுல பத்து பிள்ளைங்க தினமும் உக்காந்திருக்கு, எது வித்தியாசம்னு அவங்களுக்கு தான் மொதல்ல தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தா அது தான் பாவம். நான் ஒரு தடவ அப்படி இருந்திருக்கேன், அந்த வீட்டுல சண்டைக்கு வருவாங்களேன்னு பயந்து ஆறு மாசம் சொல்லாம இருந்தேன், அந்தப் பிள்ளைக்கு காது கேக்கலைன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. இன்னைக்கும் அது எனக்கு உறுத்திக்கிட்டு தான் இருக்கு.

வீட்டுல போன் எவ்வளவு நேரம் ஓடுது? உங்கம்மா வயசானவங்க, ஓடிப் பிடிக்க முடியாது, சோறு ஊட்ட போன் குடுப்பாங்க, அவங்கள குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா ரெண்டு வயசுக்கு கீழ திரையே வேணாம், அதுக்கு மேல நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது, குறைஞ்சா ரொம்ப நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. போன் பேசும், ஆனா பதிலுக்கு காத்திருக்காது. வில்லுப்பாட்டுல பாடுறவருக்கு பக்கத்துல ஒருத்தர் "ஆமா, அப்படியா"ன்னு பின்பாட்டு போடுவாரே, பிள்ளைக்கு பேச்சு வர்றதுக்கு அப்படி ஒரு ஆள் வேணும். அவன் "ப்பா"ன்னா நீங்க "ஆமா, பால், சூடா இருக்கு பால்"னு ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லிட்டு நிறுத்தணும், அவன் மூஞ்சியப் பாத்து காத்திருக்கணும். உங்கம்மாவை பழைய கதை சொல்லச் சொல்லுங்க, அவன் "ம்" கொட்டட்டும்.

கேள்வி: என் பேத்தி இடது கையில தான் எழுதுறா, சாப்பிடுறா. மாத்தணுமா? (ஒரு பாட்டி, காரைக்குடி)

பதில்: வேணாம்மா. விட்டுடுங்க. அது கெட்ட பழக்கம் இல்ல, மூளையோட அமைப்பு அப்படி. கட்டாயப்படுத்தி மாத்தினா கையெழுத்தும் கெடும், பிள்ளை மனசும் நோகும். இடது கைக்கு ஏத்த கத்தரிக்கோல் கடையில கிடைக்குது, அதை வாங்கிக் குடுங்க, எழுதும்போது நோட்டை கொஞ்சம் வலது பக்கமா சாய்ச்சு வைக்கச் சொல்லுங்க, பெஞ்சுல இடது ஓரத்துல உக்கார வைக்கச் சொல்லுங்க, பக்கத்துப் பிள்ளை கை இடிக்காது. சாமி பிரசாதம் வாங்க மட்டும் வலது கைன்னு நீங்க ஆசப்பட்டா அன்பா சொல்லிக் குடுங்க, அடிக்காதீங்க.

கேள்வி: எங்க அங்கன்வாடியில மாசா மாசம் எடை போட்டு ஒரு அட்டையில புள்ளி வைக்கிறாங்க. போன மாசம் புள்ளி மஞ்சள் பக்கம் போயிடுச்சுன்னு கூப்பிட்டு பேசினாங்க, எனக்கு நாலு பேர் முன்னாடி அவமானமா போச்சு. என் பையன் சுறுசுறுப்பா தான் இருக்கான், எங்க குடும்பமே ஒல்லி. (ஒரு அம்மா, திருவண்ணாமலை)

பதில்: நாலு பேர் முன்னாடி சொன்னது தப்பு தான், தனியா கூப்பிட்டு சொல்லியிருக்கணும், அது டீச்சர் பக்கத்து தப்புன்னு நானே ஒத்துக்கறேன். ஆனா சொன்ன விஷயம் தப்பு இல்லம்மா.

அந்த அட்டையில ஒரு புள்ளிய மட்டும் பாக்காதீங்க, கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. ஒல்லியான குடும்பத்துப் பிள்ளையும் ஒல்லியாவே மேல ஏறிக்கிட்டு தான் இருக்கும். ரெண்டு வயசுக்கு மேல வருஷத்துக்கு சுமாரா ரெண்டு கிலோ ஏறணும், உயரம் ஆறேழு சென்டிமீட்டர் ஏறணும். கோடு படுத்துக்கிட்டாலோ எறங்கினாலோ காரணம் தேடணும், பூச்சியா, அடிக்கடி பேதியா, பல்லு வலியா, புதுசா தம்பி பாப்பா பொறந்து ஏக்கமா. சத்து இல்லாதது எடையில தெரியுறதுக்கு முன்னாடியே பிள்ளை மந்தமாகிடும், விளையாட வராம சுவத்துல சாய்ஞ்சு உக்காரும், கதை கேக்கும்போது கண்ணு சொருகும். பசிச்ச பிள்ளைக்கு என்ன பாட்டு பாடினாலும் ஏறாதும்மா, அதனால தான் 1982ல சத்துணவு கொண்டு வந்தப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட பால்வாடிப் பிள்ளைங்களையும் சேத்தாங்க. சாப்பாடு வேற படிப்பு வேறன்னு பிரிக்க முடியாது இந்த வயசுல.

புஜத்துல ஒரு நாடா சுத்திப் பாப்பாங்க, பாத்திருப்பீங்க. அஞ்சு வயசுக்குள்ள பதினொன்றரை சென்டிமீட்டருக்கு கீழ இருந்தா சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. பன்னெண்டரை வரைக்கும் மஞ்சள், அது பயப்பட இல்ல, இன்னும் நல்லா கவனிக்க. வாரத்துல மூணு நாள் முட்டை, பயறு, கொண்டைக்கடலை குடுக்கறாங்கல்ல, அதை உங்க பையன் முழுசா சாப்பிடுறானான்னு டீச்சர்கிட்ட கேளுங்க. முட்டையில வெள்ளைய மட்டும் தின்னுட்டு மஞ்சளத் தூக்கிப் போடுற பிள்ளைங்க ஏராளம். சத்துமாவ பாக்கெட்டோட அடுக்கி வெக்காதீங்க, வெல்லம் போட்டு உருண்டை புடிச்சுக் குடுங்க, நெய் ஒரு ஸ்பூன் விடுங்க. பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்டுலயும் பூச்சி மாத்திரை குடுக்கற நாள் வரும், அன்னைக்கு லீவு போடாதீங்க.

கேள்வி: பொண்ணுக்கு நாலு வயசு. வீட்டுல ஓயாம பேசுவா. ஸ்கூல்ல சேர்த்து அஞ்சு மாசம் ஆச்சு, ஒரு வார்த்தை கூட பேசலையாம். பாத்ரூம் வந்தா கூட சொல்லாம டிரஸ்லயே போயிடுறா. மிஸ் "திமிரு"ங்கறாங்க. (ஒரு அம்மா, நாகர்கோவில்)

பதில்: திமிரு இல்லம்மா, பயம். வீட்டுல கொட்டுற பிள்ளை வெளிய வாயே தொறக்காம மாசக்கணக்குல இருந்தா அதுக்கு ஒரு பேரே இருக்கு, டாக்டருங்க அதை பதட்டத்தோட ஒரு வகைன்னு தான் சொல்றாங்க. பேசணும்னு நினைக்கும், தொண்டையில வந்து நின்னுடும். அஞ்சு மாசம் ஆச்சுன்னா குழந்தைகள் மனநல டாக்டர ஒரு தடவ பாத்துடுங்க.

அந்த மிஸ்கிட்ட இதைக் காட்டுங்க. மிஸ்ஸம்மா, "பேசு, பேசினா தான் தருவேன்"னு நிறுத்தி வெக்காதீங்க. "ஏய் இவ பேசிட்டா"ன்னு கிளாஸ்ல கை தட்டவும் தட்டாதீங்க, அன்னைக்கோட மூடிக்கும். கேள்விய மாத்துங்க, தலையாட்டி பதில் சொல்ற மாதிரி கேளுங்க, அப்புறம் "சிவப்பா, பச்சையா?"ன்னு விரல் காட்டுற மாதிரி. பாத்ரூமுக்கு ஒரு சாடை வெச்சுக்கோங்க, கம்மல தொட்டா போகணும்னு அர்த்தம், அவளுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்னு சொல்லுங்க. அடக்கமான ஒரு பிள்ளையோட ஜோடி போட்டு பல்லாங்குழி முன்னாடி உக்கார வெச்சுட்டு நீங்க நகந்துடுங்க. எங்க சென்டர்ல ஒரு பொண்ணு ஏழு மாசம் பேசல, அதோட மொத வார்த்தை என்கிட்ட வரல, எங்க ஆயாம்மா வளர்த்த ஆட்டுக்குட்டிகிட்ட தான் வந்துச்சு. ஆயாம்மா கேட்டும் கேக்காத மாதிரி முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அவங்க எந்த டிரெயினிங்கும் போனவங்க இல்ல, அந்த நேரத்துல என்னை விட நல்லா தெரிஞ்சிருந்துச்சு அவங்களுக்கு.

கேள்வி: பிளஸ் டூ முடிச்சிட்டு மாண்டிசோரி டிரெயினிங் சேரலாம்னு இருக்கேன் அக்கா. வீட்டுல "ஆயா வேலைக்கு எதுக்கு காசு கட்டிப் படிக்கணும்"னு கேக்குறாங்க. நெஜமாவே இதுல படிக்க என்ன இருக்கு? (ஒரு மாணவி, தூத்துக்குடி)

பதில்: நிறைய இருக்குமா. உங்க வீட்டுல இதை வாசிச்சுக் காட்டுங்க. மரியா மாண்டிசோரி இத்தாலியில டாக்டருக்குப் படிச்சவங்க, டாக்டர் கண்ணோட தான் பிள்ளைங்கள கவனிக்க ஆரம்பிச்சாங்க. அவங்க 1939ல நம்ம சென்னை அடையாறுக்கு வந்து தியாசபிக்கல் சொசைட்டி இடத்துல டீச்சர்ங்களுக்கு கிளாஸ் எடுத்தாங்க, அப்ப அவங்களுக்கு வயசு கிட்டத்தட்ட எழுபது. வந்த கொஞ்ச மாசத்துல இத்தாலி போர்ல எறங்கிடுச்சு, பிரிட்டிஷ்காரங்களுக்கு இத்தாலிக்காரங்க எதிரி ஆயிட்டாங்க, மகனைக் கைது பண்ணி வெச்சாங்க, அந்தம்மாவால ஊருக்குத் திரும்ப முடியல. அப்படி மாட்டிக்கிட்ட காலத்துல தான் கொடைக்கானல்ல இருந்துக்கிட்டு, வேற வேற வயசுப் பிள்ளைங்க ஒண்ணா செடி கொடி பூச்சின்னு பாத்துப் படிக்கிறத வெச்சு வேலை பாத்தாங்க. நீங்க சேரப் போற படிப்புல நம்ம மண்ணும் கலந்திருக்கு.

மகாராஷ்டிராவுல தாராபாய் மோடக்னு ஒருத்தர், 1945ல போர்டின்னு ஒரு ஊர்ல கிராமத்துப் பிள்ளைங்களுக்கு பால்வாடி ஆரம்பிச்சாங்க. வெளிநாட்டு விளையாட்டு சாமானுக்கு காசு ஏதுன்னு விதை, ஓடு, இலை, மண்ணு வெச்சே நடத்தினாங்க. பிள்ளைங்க வரலைன்னா இவங்களே அதுங்க இருக்கற வீட்டு முற்றத்துக்குப் போனாங்க, அங்கன்வாடிங்கற வார்த்தையே அந்த முற்றம் தான். அப்புறம் மீனா சுவாமிநாதன், நம்ம சென்னையில இருந்தவங்க, பள்ளிக்கு முந்தின வயசுப் பிள்ளைங்க பத்தி அரசாங்கம் போட்ட குழுவுக்கு தலைமை தாங்கி 1972ல அறிக்கை குடுத்தாங்க. 1975 அக்டோபர் 2ல நாடு முழுக்க 33 வட்டாரத்துல ஐ.சி.டி.எஸ்ங்கற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பிச்சுது, நான் வேலை பாத்த அங்கன்வாடி எல்லாம் அந்த வழியில வந்தது தான். இவ்ளோ பேர் ஆயுசு முழுக்க யோசிச்ச வேலை இது. ஆயா வேலையும் கேவலம் இல்லைன்னு மேல ஆட்டுக்குட்டி கதையில சொல்லிட்டேன்.

படிப்புல என்ன சொல்லித் தருவாங்கன்னா, பாதி நேரம் சும்மா உக்காந்து பாக்கறதுக்கு. ஒரு பிள்ளை செருப்பு மாட்ட பத்து நிமிஷம் போராடும், உங்க கை துறுதுறுங்கும், மாட்டி விட்டுடலாமேன்னு. பொறுக்கணும். எந்த நிமிஷம் அது நிஜமாவே முடியாம அழப் போகுதுன்னு தெரிஞ்சு, அதுக்கு ஒரு நொடி முன்னாடி வாரை மட்டும் லேசா தூக்கி விடணும், மிச்சத்தை அதுவே பண்ணிட்டு நிமிந்து உங்களைப் பாக்கும். அந்த ஒரு நொடிய பழகறதுக்கு எனக்கு பல வருஷம் ஆச்சு.

வேலைக்குச் சேந்ததும் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க, பிள்ளைக்கு ஒரு பக்கம். தினமும் சாயங்காலம் மூணு பிள்ளைங்க பேர்ல ஒரு வரி எழுதுங்க, "இன்னைக்கு ஒத்தக் கால்ல நின்னான்", "தண்ணிய சிந்தாம ஊத்தினா", "தம்பி பொறந்ததுலேருந்து கட்டை விரல் சூப்புறான்", இப்படி. பதினஞ்சு பிள்ளைங்கன்னா வாரம் ஒரு தடவ எல்லாரும் வந்துடுவாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஏதாவது ஒரு பக்கம் காலியாவே இருந்தா, அந்தப் பிள்ளைய நீங்க பாக்கவே இல்லைன்னு அர்த்தம், மறுநாள் காலையில மொதல்ல அது பக்கத்துல போய் உக்காருங்க. சேந்த பிறகு எழுதுங்க கண்ணு, நோட்டுல என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியணும்.